முடிக்குரிய காணி: கண்டி அரசரும் குடிகளும், கடலுக்கப்பால் ஓர் இராச்சியமும்

காணி அலுவலாகக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் ஏறி இறங்கியவர்களுக்கு "முடிக்குரிய காணி" என்ற சொல் புதிதல்ல. பழைய நிலஅளவைப் படங்களிலும் உறுதிகளிலும் அது காணப்படுகிறது. "அது முடிக்காணி, அதிலே கைவைக்க ஏலாது" என்று வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். 1972ஆம் ஆண்டு மே 22ஆம் திகதி இலங்கை குடியரசானது. அதன் பின்னர் சட்டப் புத்தகங்களில் அச்சொல் "அரச காணி" ஆகிவிட்டது. பெயர்தான் மாறியது. ஓரிடத்திலிருந்து பெயர்ந்து வந்து, இன்னோரிடத்தில் ஒரு துண்டு நிலத்துக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு, கண்ணுக்கெட்டிய நிலமெல்லாம் ஒன்றில் தோட்டக் காணி, இல்லாவிட்டால் அரச காணி.

அந்த முடி யாருடைய முடி? கண்டி அரசனுடையதா, இங்கிலாந்து அரசனுடையதா? இரண்டும் ஒன்றென்றே பலர் எண்ணுகிறார்கள். "அந்தக் காலத்தில் நிலமெல்லாம் ராசாவுக்குச் சொந்தம், பிறகு வெள்ளைக்காரனுக்குப் போனது, இப்போது அரசாங்கத்துக்கு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். உண்மை அவ்வளவு நேரானதல்ல. கண்டி அரசன் நிலத்துக்கு உரியவனாக இருந்த விதம் வேறு, அவனுக்குப் பின் வந்தவர்கள் உரிமை கொண்டாடிய விதம் வேறு. இதை அறிந்து வைத்திருப்பது இன்று காணி கேட்டு நிற்பவர்களுக்கு உதவும்.

தும்பறையில் பிடிபட்ட அரசன்

மடுல்கெல்ல, பன்வில, தெல்தெனிய, மெதமகாநுவர ஆகிய இடங்களெல்லாம் கண்டி இராச்சியத்தின் தும்பறைப் பிரதேசத்துக்குள் அடங்கியவை. இராச்சியத்தின் கதை முடிந்ததும் இந்தத் தும்பறையிலேதான். ஆங்கிலேயப் படை கண்டி நகரை நெருங்கியபோது ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் நகரை விட்டு நீங்கி மெதமகாநுவரப் பக்கமாக வந்து மறைந்திருந்தான். 1815ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் திகதி அங்கே பிடிபட்டான். பின்னர் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1832ஆம் ஆண்டு சனவரியில் அங்கேயே இறந்தான். தன் நாட்டிலிருந்து அகற்றப்பட்டு, திரும்பி வர அனுமதியில்லாமல் இறந்த இவனையும் இடம்பெயர்ந்தோர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

முடிசூடுமுன் அவன் பெயர் கண்ணுசாமி. 1739இல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்தரசியின் வயிற்றில் வாரிசின்றி இறந்தபோது, மதுரையிலிருந்து வந்த அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்ற பெயருடன் அரியணை ஏறினான். அவனுக்குப் பின் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747–1782), இராஜாதி இராஜசிங்கன் (1782–1798), ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் (1798–1815) என நாயக்கர் வழியினர் நால்வர் ஆண்டனர். தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பமொன்று சிங்கள மக்களின் அரச குடும்பமாக ஏற்கப்பட்டது எப்படி என்று கேட்கலாம். அரசனுடைய பிறப்பிடத்தைவிட அவன் என்ன செய்கிறான் என்பதையே அக்காலத்தவர் பெரிதாகப் பார்த்தனர். புத்த சாசனத்தைக் காப்பவனாகவும், வழமையை மீறாதவனாகவும் இருக்கும்வரை அவனுக்கு ஆதரவு இருந்தது. கீர்த்தி ஸ்ரீ 1753இல் சியாம் நாட்டிலிருந்து பிக்குமாரை வரவழைத்து உபசம்பதாவை மீண்டும் நிலைநாட்டினான். ஆயினும் 1760இல் அவனைக் கொல்லவும் ஒரு சதி நடந்தது. ஆதரவு எப்போதும் உறுதியானதாக இருக்கவில்லை என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

நிலமும் ஊழியமும்

கண்டி அரசன் "பூபதி", அதாவது நிலத்தின் தலைவன். ஆனால் அவன் நிலத்தை விலைக்கு விற்று அதன் வருமானத்தில் வாழ்ந்தவன் அல்ல. நிலத்தைக் கொடுத்து அதற்குப் பதிலாக ஊழியத்தைப் பெற்றான். இதற்கே இராஜகாரியம் என்று பெயர். ஒரு குடும்பம் வயல் வைத்திருந்தால் அந்த வயலோடு ஒரு கடமையும் ஒட்டியிருக்கும். சிலர் படைக்குப் போக வேண்டும், சிலர் மட்பாண்டம் கொடுக்க வேண்டும், சிலர் பெரஹராவில் மேளம் அடிக்க வேண்டும், சிலர் அரண்மனைக்கு விறகும் நெல்லும் சுமக்க வேண்டும். கடமை சாதிப்படி வகுக்கப்பட்டிருந்தது. இது அந்த முறையின் பெரிய குறை. மேளமடிப்பவனின் மகன் மேளத்தைத்தான் அடிக்க வேண்டும். ஆனால் கடமை ஆளோடு அல்ல, நிலத்தோடு ஒட்டியிருந்தது. நிலத்தை விட்டுவிட்டால் ஊழியமும் விட்டுப்போகும்.

அரசனின் களஞ்சியத்துக்கு நேரடியாக விளைவு செல்லும் ஊர்கள் கபடாகம எனப்பட்டன. பிரதானிகளுக்குக் கொடுக்கப்பட்டவை நிந்தகம. விகாரைகளுக்குரியவை விகாரகம. கதிர்காமத் தெய்வம், நாததெய்வம் முதலிய தெய்வங்களின் கோயில்களுக்குரியவை தேவாலகம. நிந்தகமத்தில் முத்தெட்டு என்றொரு வயற்பகுதி இருக்கும். அதை ஊரவர் உழுது விதைத்து அறுத்துக் கொடுக்க, விளைவு முழுவதும் பிரதானிக்குச் சேரும். அதற்குக் கூலி இல்லை. ஊரவர் தமக்கென வைத்திருக்கும் பங்கே அவர்கள் கூலி. சிங்களத்தில் அதைப் "பங்குவ" என்கிறார்கள். எமது "பங்கு" என்ற சொல்தான் அங்கே நிற்கிறது.

பங்கில் இருவகை உண்டு. பரவேணிப் பங்கு தகப்பனிடமிருந்து பிள்ளைக்குச் செல்லும். ஊழியத்தைச் செய்துவரும்வரை அவனை அதிலிருந்து எழுப்ப முடியாது. மாறுவேன பங்கு உடையவன் விரும்பினால் திருப்பி எடுத்துக்கொள்ளக் கூடியது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கமக்காரனின் வாழ்வும் தாழ்வும் அன்றும் இன்றும் இதிலேதான் தங்கியிருக்கிறது. காலடியில் உள்ள மண் பரவேணியா, மாறுவேனவா?

மரத்தில் ஏறிக் கூப்பிட்ட குடிமகன்

அரசனுக்குக் கீழே இரு அதிகார்மார் இருந்தனர். வெளிப் பிரதேசங்களைத் திசாவைமாரும், நகரை அடுத்த பகுதிகளை ரட்டே மாத்மயாக்களும் பார்த்தனர். அவர்களுக்குக் கீழே கோறாளைமார், விதானைமார். ஊர்ப் பிணக்குகளைப் பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்கள் அம்பலத்திலோ மரநிழலிலோ கூடித் தீர்த்தார்கள். அந்தக் கூட்டம் கம்சபா எனப்பட்டது. வரம்புச் சண்டை, நீர்ப் பங்கீடு, மாடு மேய்ந்த நட்டம் போன்றவை அங்கேயே முடியும்.

1815க்குப் பின் கண்டியில் வதிவிடப் பிரதிநிதியாக இருந்த ஜோன் டொயிலி இம்முறைகளை எழுதி வைத்தார். அரசனின் அதிகாரம் எல்லாவற்றுக்கும் மேலானது, ஆனாலும் முக்கிய விடயங்களில் பிரதானிகளைக் கலந்து பேசவும் முன்னோர் வழமையைத் தழுவி நடக்கவும் அவன் எதிர்பார்க்கப்பட்டான் என்பது அவருடைய கணிப்பு. நீதி கிடைக்காத குடிமகன் அரசன் வெளியே வரும்போது வழியில் விழுந்து வணங்கி முறையிடலாம். அரண்மனைக்கு அருகே ஒரு மரத்தில் ஏறித் தன் குறையை உரத்துச் சொல்லவும் வழி இருந்தது. இன்று ஒரு கடிதத்துக்குப் பதில் வர எத்தனை மாதம் காத்திருக்கிறோம் என்பதை நினைத்தால், அந்த மரம் அவ்வளவு மோசமான ஏற்பாடாகத் தெரியவில்லை.

அகதிகளுக்கு இடம் கொடுத்ததும் இந்த அரியணையின் கடமைகளில் ஒன்றாக இருந்தது. 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, செனரத் மன்னன் அவர்களை ஏற்று, பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியிருத்தினான். நாலாயிரம் பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் பலர் அங்கே வயல் செய்பவர்களாயினர். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரும் அவர் தோழர்களும் ஊர் ஊராகப் பிரித்து வைக்கப்பட்டனர். அவர்களுக்கு உணவு கொடுப்பது ஊரவரின் பொறுப்பு என்று இரண்டாம் இராஜசிங்கன் கட்டளையிட்டான். 1692இல் கண்டிக்கு வந்த யோசேவாஸ் அடிகளார் முதலில் போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறை வைக்கப்பட்டார். 1697இல் அம்மைநோய் பரவியபோது சாதி சமயம் பாராது நோயாளரைப் பராமரித்தமையால் அரசனின் நன்மதிப்பைப் பெற்றார். 1711இல் கண்டியிலேயே இறந்த அவரை 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராகப் பிரகடனம் செய்தார்.

இதைக் கொண்டு கண்டி அரசு பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. 1740களில் அதே அரியணை கத்தோலிக்கக் குருமாரை நாட்டை விட்டு வெளியேற்றியது. அரசன் நல்லவனாயிருந்தால் தஞ்சம் கிடைக்கும், மனம் மாறினால் போய்விடும். எழுதப்பட்ட உரிமை என்று குடிகளின் கையில் ஒன்றும் இல்லை.

வயலை மூடிய வாவி

கண்டி வாவியைப் பார்த்து மகிழாதவர் இல்லை. அந்த இடம் முன்பு திகொல்வெல என்ற வயல்வெளி. ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் அணை கட்டி அதனை வாவியாக்கினான். 1812ஆம் ஆண்டளவில் வேலை முடிந்தது. வேலையாட்களுக்குக் கூலி கிடையாது. இராஜகாரியக் கடமையென்று ஊர்களிலிருந்து வரவழைக்கப்பட்டார்கள். குளம் கட்டவும் வாய்க்கால் வெட்டவும் ஊழியம் கேட்டால் கமக்காரன் முணுமுணுப்பில்லாமல் வருவான். ஏனெனில் தண்ணீர் அவன் வயலுக்கும் வரும். நகரின் அழகுக்காக வயலை மூடி, அதற்குத் தன் முதுகில் மண் சுமக்கச் சொன்னால் என்ன செய்வான்? மக்கள் முறையிட்டார்கள், பிரதானிகளும் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களை அரசன் கொடுமையாகத் தண்டித்தான். பிரதானி எகலப்பொலை ஆங்கிலேயரிடம் சேர்ந்துகொண்டபோது, 1814இல் அவன் மனைவியும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். அதன் பின் அரசனுக்காக ஆயுதம் எடுக்க ஊர்களில் ஆட்கள் அதிகம் இருக்கவில்லை. வழமையை மீறிய அரசனைக் குடிகள் கைவிட்டுவிட்டார்கள்.

இங்கே தெல்தெனியப் பகுதிக் குடும்பங்களுக்கு ஒரு ஞாபகம் வரும். விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரமும் தும்பறை வயல்களும் நீருக்குள் போய்விட்டன. மின்சாரம் நாட்டுக்குத் தேவைதான். ஆயினும் வயலையும் முன்னோர் கல்லறையையும் இழந்தவர்களுக்கு, திகொல்வெலக் கமக்காரர்களின் மனநிலையை யாரும் விளக்கத் தேவையில்லை.

கடதாசியில் போன நிலம்

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி மகுல்மடுவவில் உடன்படிக்கை கைச்சாத்தானது. பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்திலும் ஒப்பமிட்டனர். அதன் நான்காவது பிரிவு பிரதானிகளின் உரிமைகளை மட்டுமன்றி, எல்லா வகுப்பு மக்களின் உயிருக்கும் உடைமைக்கும் அவர்களுடைய வழமைப்படி பாதுகாப்பு உண்டு என்று உறுதி கூறியது.

இருபத்தைந்து ஆண்டு கழிந்தது. 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் நீங்கியது நல்லதே. ஆனால் ஊழியத்துக்குப் பதிலாக நிலத்தில் இருந்த உரிமை என்ன ஆகும் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. விகாரைகளிலும் நிந்தகமங்களிலும் ஊழியம் தொடர்ந்தது. 1870இல் வந்த கட்டளைச்சட்டம் அதைப் பணமாகச் செலுத்த வழிசெய்தது. மற்ற நிலங்களின் கதை 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தோடு மாறியது. காடு, தரிசு, குடியிருப்பில்லாத நிலம், பயிரில்லாத நிலம் அனைத்தும், வேறு விதமாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்று அச்சட்டம் கருதியது. கண்டிப் பகுதியில் சேனை நிலத்துக்கு உரிமை கோருபவர் சன்னஸ் என்ற அரச பட்டயத்தையோ, வழமையான வரி கட்டியதற்கான சான்றையோ காட்ட வேண்டும். சன்னஸ் பிரதானிகளிடம் இருந்தது. சேனை செய்து, மாடு மேய்த்து, விறகும் மூலிகையும் எடுத்து வந்த ஊரவனிடம் என்ன கடதாசி இருக்கும்?

அவ்வாறு எடுக்கப்பட்ட காடு ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களில் ஆளுநரும் உயர் உத்தியோகத்தர்களும் இருந்தார்கள். கண்டி அரசனுக்கும் தடைசெய்யப்பட்ட காடுகள் இருந்தன. அரண்மனைக்குப் பின்னே உள்ள உடவத்தகெலே அத்தகையது. ஆனால் அவன் அதை ஏலத்தில் விற்கவில்லை. "முடி" என்ற பழைய சொல்லைப் புதிய ஆட்சியாளர் எடுத்துக்கொண்டு, கடமைகளைக் கழற்றி வீசிவிட்டு, உடைமையை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்பதே என் கருத்து.

மடுல்கெல்ல என்ற பெயரின் பின்பாதி காடு என்று பொருள்படும். அந்தக் காடு வெட்டப்பட்டுக் கோப்பியும், பிறகு தேயிலையும் வந்தது. வெட்ட வந்தவர்கள் எம்மவர். மன்னார்க் கரையிலிறங்கி, மாத்தளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து, வழியில் பலரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து வந்தவர்கள். ஒரு சட்டம் சிங்களக் கிராமத்தவனின் மேட்டுநிலத்தை எடுத்தது. அதே நிலத்தில் தமிழ்த் தொழிலாளிக்குப் பேர்ச் கணக்கில்கூட உரிமையின்றி ஒரு லயன் அறை கொடுத்தது. பின்னர் இருவரும் ஒருவரையொருவர் காணி பறித்தவராகப் பார்க்கப் பழக்கப்பட்டார்கள். 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் எம்மவரை அரச காணி கேட்கும் தகுதியிலிருந்தும் நீக்கியது. 1977இலும் 1983இலும் அடிபட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் காடு வெட்டிக் கமம் செய்தும் பத்திரமின்றி இருந்ததற்கு அடிக்காரணம் இங்கேதான் உள்ளது.

தொங்கா மன்னரின் வழி

இதே காலத்தில் பசுபிக் சமுத்திரத்தின் நடுவே ஒரு சிறு இராச்சியத்தில் காரியம் வேறு விதமாக நடந்தது. தொங்கா என்பது ஏறத்தாழ 170 தீவுகளின் கூட்டம். அங்கும் நிலம் தலைவர்களுடையது, குடிகள் தலைவர்களுக்கு ஊழியம் செய்தனர். தௌஃபாஆஹௌ என்ற தலைவர் 1831இல் மெதடிஸ்த சபையில் ஞானஸ்நானம் பெற்று, ஜோர்ஜ் என்ற பெயரை ஏற்று, 1845 அளவில் தீவுகளை ஒன்றிணைத்து முதலாம் ஜோர்ஜ் துபோ என்ற மன்னரானார். 1862 யூன் 4ஆம் திகதி குடிகளைத் தலைவர்களின் கட்டாய ஊழியத்திலிருந்து விடுவித்தார். 1875 நவம்பர் 4ஆம் திகதி அரசியலமைப்பை வழங்கினார்.

அந்த அரசியலமைப்பில் நிலம் முழுவதும் அரசனுடையது என்றே எழுதப்பட்டுள்ளது. 1840இல் எமது சட்டம் சொன்னதைப் போலத்தான். ஆனால் அதே பிரிவு, அரசனோ பிரதானியோ குடிமகனோ எவரும் எக்காலத்திலும் நிலத்தை விற்கலாகாது, குத்தகைக்கு மட்டுமே கொடுக்கலாம் என்று தொடர்கிறது. இங்கே நிலம் முடிக்குரியதானது விற்பதற்காக. அங்கே நிலம் முடிக்குரியதானது விற்கப்படாதிருப்பதற்காக. பின்னர் வந்த காணிச் சட்டங்களின்படி 16 வயதான ஒவ்வொரு ஆண்மகனும் 8¼ ஏக்கர் தோட்டநிலமும் ஊருக்குள் ஒரு வீட்டுநிலமும் கேட்க உரித்துடையவன். 8¼ ஏக்கர் என்பது ஏறத்தாழ 600 அடிக்கு 600 அடி. 1900 முதல் 1970 வரை பிரித்தானியப் பாதுகாப்பின் கீழ் இருந்தும் தொங்காவில் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு நிலம் மாறாதிருந்தமைக்கு இதுவே முக்கிய காரணம்.

இடம்பெயர்ந்தோரை அந்த முடி எவ்வாறு நடத்தியது என்பது எமக்கு இன்னும் முக்கியமானது. 1863இல் அடிமை வணிகக் கப்பலொன்று ஆட்டா என்ற தொலைதீவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை ஏமாற்றிக் கடத்திச் சென்றது. மன்னர் மிகுதிப்பேரை அழைத்துவரச் செய்து எயுவா தீவில் நிலம் கொடுத்தார். 1946இல் நியுவாஃபோஓ தீவில் எரிமலை வெடித்தபோது அரசி சலோத்தே அத்தீவு மக்களை வெளியேற்றினார். அவர்களும் பின்னர் எயுவாவில் குடியிருத்தப்பட்டனர். அங்கே அவர்கள் அமைத்த ஊர்களுக்குத் தமது பழைய ஊர்களின் பெயர்களையே வைத்தார்கள். 1958 முதல் விரும்பியவர்கள் திரும்பிச் செல்ல அனுமதிக்கப்பட்டனர். பலர் போனார்கள், பலர் எயுவாவிலேயே தங்கிவிட்டார்கள். 2022 சனவரி 15ஆம் திகதி கடலடி எரிமலை வெடித்துச் சுனாமி வந்தபின் மாங்கோ தீவு மக்களும் எயுவாவுக்கே கொண்டுசெல்லப்பட்டனர்.

அங்கும் குறைகள் உண்டு. பெண்ணுக்கு அந்த 8¼ ஏக்கர் உரிமை இல்லை. சனத்தொகை பெருகியதால் எல்லா ஆண்களுக்கும் பங்கு போதவில்லை. நிலமில்லாத இளைஞர் நியூசிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகிறார்கள். அரசனதும் பிரபுக்களதும் அதிகாரத்துக்கு எதிரான கிளர்ச்சி வலுத்து, 2010 முதல் பாராளுமன்றத்தின் 26 ஆசனங்களில் 17ஐ மக்கள் தெரிவு செய்கிறார்கள், 9 பிரபுக்களுக்குரியன.

உங்கள் கையிலுள்ள பத்திரம்

எமது நாட்டிலும் தொங்காவின் வழியில் பாதித்தூரம் சென்ற ஒரு சட்டம் உண்டு. அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டம். அதன்படி கமக்காரருக்கு முதலில் அனுமதிப்பத்திரமும் பின்னர் அளிப்பும் கிடைக்கும். நினைத்தபடி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. வட்டிக்காரன் கையில் நிலம் போகாதிருப்பதற்காகவே அப்படி வைத்தார்கள். ஆனால் நிபந்தனையை மீறினால் பத்திரத்தை நீக்கலாம். அப்படிப் பார்த்தால் அது முழுப் பரவேணியும் அல்ல, முழு மாறுவேனவும் அல்ல.

இடம்பெயர்ந்தோர் இரண்டு விடயங்களில் கவனமாயிருக்க வேண்டும். முதலாவது, பின்னுரித்தாளர். பத்திரகாரர் பெயர் குறித்துப் பதிவு செய்யாமல் இறந்தால், வாழ்க்கைத்துணைக்குப் பின் நிலம் யாருக்கு என்பதைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தீர்மானிக்கும். அந்த அட்டவணை நெடுங்காலம் மகளுக்கு முன்னே மகனை வைத்திருந்தது. 2022இல் செய்யப்பட்ட திருத்தம் ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியது. கண்டிய வழமையில் பின்ன விவாகம் செய்து தாய்வீட்டில் இருக்கும் மகள் பரவேணிக் காணியில் பங்கு பெற்றாள். பழைய அரசர் காலத்து வழமை தந்ததை 1935இன் சட்டம் தரவில்லை, அதைத் திருத்த 87 ஆண்டுகள் சென்றன.

இரண்டாவது, ஆறுமாதக் கெடு. பத்திரகாரர் இறந்தபின் உரித்தாளர் ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருக்கும் விதவைக்கு இது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் காணிக்குத் திரும்ப முடியாதிருப்பதற்கான காரணத்தையும், காணியைக் கைவிடவில்லை என்பதையும், காணி அமைந்துள்ள பிரிவின் பிரதேச செயலாளருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அறிவித்தலும் விசாரணையும் இன்றிப் பத்திரத்தை நீக்க முடியாது. அறிவித்தல் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பிவிடாதபடி, தற்போது தங்கியிருக்கும் விலாசத்தையும் அக்கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.